முட்டுச்சந்தின் கணக்கு

மனைப்பிரிவு வரைபடம் போடுவது என் தொழில். ஊரில் 'லேஅவுட் போடுறவர்' என்றால்தான் தெரியும். தாம்பரத்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் வயல்கள் மனைகளானதை எண்பதுகளிலிருந்து கூடவே இருந்து பார்த்தவன். சென்னை எப்படிப் பரவியது என்று பேசுகிறவர்கள் மேம்பாலம், மெட்ரோ, வெளிவட்டச் சாலை என்று ஆரம்பிப்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் 24 அடித் தெருக்கள். ஒரு தெருவின் முனை அடுத்த தெருவைத் தொடுமா, சுவரில் முட்டி நிற்குமா என்பது பெரும்பாலும் என்னைப் போன்றவர்களின் மேசையில்தான் முடிவானது. அதை யாரும் ஒரு முடிவாக நினைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

நிலத்தை வாங்கியவர் பட்டா, மூலப்பத்திரம், புலப்பட நகல் மூன்றையும் கொண்டுவந்து வைப்பார். நாங்கள் சங்கிலியும் குறுக்குக்கோலும் எடுத்துக்கொண்டு போய் எல்லைக் கற்களைத் தேடுவோம். 66 அடி நீளம், 100 கண்ணி உள்ள குண்டர் சங்கிலி. பாதிக் கற்கள் இருக்காது. இருந்தாலும் யாராவது வரப்பை வெட்டும்போது நகர்த்தி வைத்திருப்பார்கள். வந்து டிரேசிங் தாளில் எல்லையைப் போட்டதும் அதற்குள் தெரு, மனை, கிணறு எல்லாம் வரும். எல்லைக்கு வெளியே என்ன எழுதுவோம்? சுற்றிலும் உள்ள சர்வே எண்கள் மட்டும். பக்கத்து நிலத்தில் வீடு இருக்கிறதா, தெரு இருக்கிறதா, தென்னந்தோப்பு இருக்கிறதா என்று தாளில் இருக்காது. வெறும் வெள்ளை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வருவாய்த் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். "கல்லுக்கு உள்ள இருக்கிறதுதான் நம்ம வேலை தம்பி. கல்லுக்கு வெளிய டேப்பை நீட்டினா அப்புறம் கோர்ட்டு வாசல்லதான் நிக்கணும்" என்பார். அதில் பொய்யில்லை. பக்கத்து நிலத்துக்காரர் நாம் டேப் பிடிப்பதைப் பார்த்தாலே கையில் மண்வெட்டியோடு வந்துவிடுவார். அவர் பயம் அவருக்கு. அதனால் கண்ணை எல்லைக்குள் வைத்தே வரைந்து பழகினோம். ஒரு தலைமுறை முழுக்க இப்படி வரைந்தது.

நகரத்துக்குள் தெரு உருவானது வேறு வழியில். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மாடவீதிகள் நான்கும் சேர்ந்தே ஆக வேண்டும். தேர் சுற்றி வந்து நிலைக்குத் திரும்ப வேண்டுமே. தேர் ஓடும் ஊரில் முட்டுச்சந்து பின்கட்டுகளில் இருக்கலாம், முன்னால் இருக்க முடியாது. தி.நகர் வந்தது 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு. மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த ஏரியை வற்றவைத்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, அதிலிருந்து சாலைகளை விரித்தார்கள். மனை பின்னால் வந்தது, தெரு முன்னால் வந்தது. அண்ணா நகரும் அப்படியே. 1968இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி நடுவக்கரை, திருமங்கலம் கிராமங்களின் நிலத்தை மொத்தமாக எடுத்து, அவென்யூ, மெயின் ரோடு, குறுக்குத் தெரு என்று வீட்டு வசதி வாரியம் கட்டம் கட்டியது. கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் அந்தக் காலத்து வாரிய வேலைதான். உலக வங்கிக் கடனில் எழுபதுகளின் கடைசியில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் ஏழைகளுக்கென்று போட்ட சின்னச் சின்ன மனைகளில்கூடத் தெருக்கள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அண்ணா நகரில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெருவில் திரும்பிக்கொள்ளலாம். அந்த வசதி எவ்வளவு பெரியது என்பது மேடவாக்கம் தாண்டிக் குடியேறியவர்களுக்கே தெரியும்.

இந்த இடங்களில் எல்லாம் ஒரே கை வரைந்தது, ஒரே கை நிலத்தை எடுத்தது. நிலம் எடுப்பதில் இழப்பீட்டு வழக்குகள் நீண்டுகொண்டே போனதும் வாரியத்தின் வேகம் குறைந்தது. ஆனால் மனை வேண்டும் என்று வந்தவர்களின் வேகம் குறையவில்லை. அந்த இடைவெளியில் வந்தவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்களான புரமோட்டர்கள்.

அவர்கள் வாங்கியது கிராமத்தை அல்ல, வயலை. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன வயல்கள் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மதகிலிருந்து வாய்க்கால் வரும். வாய்க்காலுக்குக் குறுக்கே நீளநீளமாக வயல்கள் இறங்கும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நீளவாக்கில்தான் பிரிப்பார்கள், எல்லோருக்கும் தண்ணீர் வாய் வேண்டுமே. மூன்று தலைமுறைக்குப் பிறகு ஒரு சர்வே எண்ணுக்குள் ஏழெட்டு உட்பிரிவு. அகலம் 100 அடி, நீளம் 600 அடி என்று கிடக்கும் துண்டில் என்ன வரைவீர்கள்? நடுவில் நீளமாக ஒரு தெரு, இரண்டு பக்கமும் மனை. வேறு வழியே கிடையாது. தெரு ஆரம்பிப்பது ஊர் ரோட்டில், முடிவது வாய்க்காலில் அல்லது அடுத்தவர் வரப்பில். பக்கத்துத் துண்டை வேறொருவர் இரண்டு வருஷம் கழித்து வாங்குவார். அவர் தெருவும் அதே ஊர் ரோட்டில் ஆரம்பித்து அதே வாய்க்காலில் முடியும். சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாக நிற்கும் இந்தத் தெருக்களை நெற்களத்தில் பாகம் பிரித்த தாத்தாக்கள்தான் உண்மையில் வடிவமைத்தார்கள். நாங்கள் அதன் மேல் மை ஓட்டினோம்.

வாய்க்காலைத் தாண்டலாமே என்று கேட்கலாம். வாய்க்கால் புறம்போக்கு, அதன் மேல் சிறுபாலம் போட அப்போது பொதுப்பணித் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும், பாலத்துக்குக் காசும் தர வேண்டும். தாண்டி அந்தப் பக்கம் போனால் இருப்பது அடுத்தவர் நிலம். தன் மனையை விற்க அந்தப் பாலம் உதவுமா என்றுதான் புரமோட்டர் பார்ப்பார். உதவாது. முன்பக்கத்து ரோட்டிலிருந்து வந்து மனையைக் காட்டினால் போதும்.

குறுக்குத் தெருவின் விலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒரு ஏக்கரில் 43,560 சதுர அடி. கிரவுண்டுக் கணக்கில் 18 சொச்சம். தெருவுக்குக் கால்வாசி போனால் மிச்சம் பதிமூன்று, பதினாலு கிரவுண்டு. 40க்கு 60 மனை இரண்டு முதுகு ஒட்டி நிற்கும் இடத்தை ஊடுருவி 24 அடியில் ஒரு குறுக்குத் தெரு விட்டால் 24க்கு 120, அதாவது 2,880 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்கும் மேல். பதிமூன்றில் ஒன்று போனால் லாபத்தில் எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். "சார், அந்தக் குறுக்குத் தெரு எதுக்கு? அந்தப் பக்கம் யாரு போவப் போறா? ஒரு கிரவுண்டு போவுது சார்" என்று பென்சிலால் ஒரு அடி அடித்துவிடுவார். மூலை மனைக்குக் கூடுதல் விலை கிடைக்குமே என்று நாங்கள் சொல்லிப் பார்ப்பதுண்டு. மூலை மனையில் தெருக்குத்து வருமோ என்று வாஸ்து பார்க்கிறவர் பயமுறுத்த, அதுவும் அடிபட்டுப் போகும்.

அப்போது ஊராட்சித் தலைவரின் முத்திரை இருந்தால் மனை விற்கும். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று நோட்டீசில் போடுவார்கள். நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கோ பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கோ போனால் தெரு அகலம், பூங்காவுக்கு 10 சதவீதம் என்றெல்லாம் கேள்வி வரும். தெரு நீளமானால் அகலமும் கூட வேண்டும் என்று அங்கே ஒரு விதி. நல்ல விதிதான். ஆனால் அதன் பக்கவிளைவு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அகலத்தைக் கூட்டுவதைவிடத் தெருவை நீளமாக்காமல் வெட்டிவிடுவது லாபம். அடுத்த தெருவோடு சேர்ந்து நீளக்கூடிய தெரு, சேராமல் நின்றால் குறுகலாகவே இருக்கலாம். முட்டுச்சந்துக்கு விதியே ஒரு தள்ளுபடி கொடுத்தது.

தெருக்கள் எதிரெதிரே வந்தாலும் நேராக வராது. ஒரு லேஅவுட்டின் தெரு முனைக்கும் எதிர் லேஅவுட்டின் தெரு முனைக்கும் பதினைந்து அடி விலகல். கிழக்குத் தாம்பரம் பக்கம் பழைய நகர்களில் நடந்தால் தெரிந்துகொள்ளலாம்: தெருவின் கடைசியில் நின்றால் எதிரே ஒரு வீட்டின் பக்கச்சுவர், கொஞ்சம் இடதுபுறம் எட்டிப் பார்த்தால் அடுத்த நகரின் தெரு. முன்னவர் எங்கே தெரு விட்டார் என்று பின்னவரின் வரைவாளர் பார்த்திருந்தால் பதினைந்து அடியைச் சரிசெய்திருக்கலாம். அதற்குத்தான் தாளில் இடம் இல்லையே.

அரசுப் பக்கத்தில் யாரும் யோசிக்காமல் இல்லை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் விரிவான வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு சின்னப் பகுதிக்கு எங்கெங்கே எத்தனை அடித் தெரு வர வேண்டும் என்று முன்கூட்டியே கோடு போட்டுவிடுவார்கள். அதை நாங்கள் 'ஸ்கீம் ரோடு' என்போம். கோடு ஒருவர் நிலத்தின் வழியாகப் போனால், அவர் மனை போட விண்ணப்பிக்கும்போது அந்தப் பகுதியைத் தெருவாக விட்டுத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். விண்ணப்பிக்காதவரை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் 40 அடிச் சாலை ஒன்று 200 அடி தூரம் ஜோராக வரும். பிறகு ஒரு மாந்தோப்பு. தோப்புக்கு அந்தப் பக்கம் மறுபடி 40 அடிச் சாலை. நடுவில் உள்ளவருக்கு விற்கும் எண்ணமில்லை. அதே சட்டத்தின் 38ஆவது பிரிவு, ஒதுக்கிய நிலத்தை மூன்று வருஷத்துக்குள் எடுக்காவிட்டால் ஒதுக்கீடு போய்விட்டதாகக் கருத வேண்டும் என்கிறது. நிலத்துக்காரருக்கு அது நியாயம்தான், எத்தனை காலம் அவர் கையைக் கட்டிவைப்பது? ஆனால் கோடு அறுந்துபோகும். என் அனுபவத்தில் ஸ்கீம் ரோடு முழு நீளத்துக்கு வந்ததைவிட, நடுநடுவே துண்டாக நின்று மாலையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் திடலானதுதான் அதிகம்.

2000க்குப் பிறகு தொழிலின் முகம் மாறியது. தரமணியில் டைடல் பார்க் அந்த வருஷம் திறந்தது. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாகி, 2008இல் ஆறு வழியாக அகலமானது. அதுவரை ஏக்கர் ஏக்கராகப் பிரித்து மனை போட்டவர்கள் இப்போது பத்து ஏக்கர், இருபது ஏக்கரை ஒன்றாகச் சேர்த்தார்கள். நிலம் பெரிதாகச் சேர்ந்தால் தெருவும் நன்றாக வரும் என்று நான் நினைத்ததுண்டு. வந்தது மதில்தான். உள்ளே எல்லாத் தெருவும் அழகாக இணைந்திருக்கும், நடைபாதை இருக்கும், மரம் இருக்கும். வெளியே போக ஒரே கேட்டு, அதில் ஒரு காவலாளி. 600 குடும்பத்தின் கார்கள் காலை எட்டரைக்கு அந்த ஒரு வாயில் வழியாக ஓ.எம்.ஆருக்கு வரும். பெரிய வளாகங்களில் பொதுமக்களுக்கென்று இணைப்புச் சாலை விடச் சொல்ல திட்ட அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. சில இடங்களில் விட்டும் இருக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே "உள்ள வெளியாளு வருவாங்களா?" என்பதுதான். அப்படியிருக்க, இணைப்புச் சாலையை வளாகத்தின் ஓரத்துக்கு, மதிலுக்கு வெளியே தள்ளி, எங்கும் சேராத ஒரு சந்தாக விட்டுவிடுவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை.

ஓ.எம்.ஆரின் நிலஅமைப்பும் கைகொடுக்கவில்லை. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைக் கடக்கப் பாலங்கள் கொஞ்சம். மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஊர்களின் தெருக்கள் எல்லாம் ஓ.எம்.ஆரில் ஆரம்பித்துத் தண்ணீரில் முடியும். இணையாக இன்னொரு சாலை கிடையாது. பக்கத்துத் தெரு மாவுக்கடைக்குப் போகக்கூட ஆறு வழிச் சாலைக்கு வந்து, யூ டர்ன் அடித்து வர வேண்டும். இதைப் போக்குவரத்து நெரிசல் என்கிறார்கள். அந்தச் சாலையில் போகிறவர்களில் எத்தனை பேர் மாவு வாங்கப் போகிறவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் தேவலை.

2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது நடந்த ஒன்று. அடையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு நகர். வரைபடம் போட்டது வேறொருவர், நான் பின்னால் சில மனைகளை உட்பிரிவு செய்யப் போயிருக்கிறேன். ஒரே வாய்தான், அதுவும் மெயின் ரோட்டுப் பக்கம். வருஷத்துக்கு வருஷம் மேல்பூச்சுப் போட்டு மெயின் ரோடு உயர்ந்துவிட்டதால் நகரின் வாய் பள்ளமாகிவிட்டது. 1ஆம் தேதி ராத்திரி தண்ணீர் முதலில் நிரம்பியதே வெளியே போகும் வழியில்தான். பின்பக்கம் நிலம் மேடு, அங்கே அடுத்த நகர், அதற்கு நல்ல ரோடு. நடுவில் ஆறடிச் சுவர். பையன்கள் கடப்பாரை கொண்டுவந்து சுவரை இடித்து, வயசானவர்களைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறினார்கள். அந்த நகர்க்காரர்கள் கதவைத் திறந்துவிட்டுச் சோறு போட்டார்கள். பொங்கலுக்கு முன் சுவர் மறுபடி எழும்பிவிட்டது. கட்டியதும் அதே சோறு போட்ட நகரின் சங்கம்தான். கேட்டால், "அது வேற சார், இது வேற. வழி விட்டுட்டா நாளைக்கு டெம்போ வரும், தண்ணி லாரி வரும், புள்ளைங்க எங்க விளையாடும்?" அவர்கள் சொன்னதிலும் தப்பு இல்லை. சுற்றிலும் எல்லாம் அடைபட்டிருக்கும்போது திறந்துவிடுகிற ஒரே தெருவில்தான் ஊர் வண்டி முழுக்க வரும். எல்லாத் தெருவும் திறந்திருந்தால் எந்தத் தெருவுக்கும் அவ்வளவு பாரம் இல்லை. முதலில் திறக்கிறவனுக்கு நஷ்டம் என்பதால் யாரும் முதலில் திறப்பதில்லை.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. தொழிலே ஒரு நாளில் நின்றுபோனது. பத்திர எழுத்தர்கள் கடையில் ஈ ஓட்டினார்கள். அடுத்த மே மாதம் வரன்முறை விதிகள் வந்ததும் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. முப்பது வருஷத்துப் பஞ்சாயத்து லேஅவுட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி அளந்து, உள்ளபடியே வரைந்து கொடுக்க வேண்டும். உள்ளபடியே என்றால் உள்ளபடியேதான். வீடு கட்டிக் குடியிருக்கிற இடத்தில் தெருவை நேராக்க முடியுமா? 20 அடித் தெரு 20 அடியாகவே, முட்டுச்சந்து முட்டுச்சந்தாகவே முத்திரை பெற்றது. மனை வாங்கிய ஏழை பாழைகளுக்கு அது அவசியமான நிவாரணம், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் தாத்தாக்கள் பிரித்த வரப்புகள் நகரத்தின் நிரந்தரத் தெருக்களாக உறுதியானது அந்த வருஷங்களில்தான்.

அந்த வேலையின்போது ஒரு நல்லது நடந்தது. அதற்குள் டிரேசிங் தாள், அம்மோனியா பிரிண்டின் நெடி எல்லாம் போய் ஆட்டோகேட் வந்துவிட்டிருந்தது. சங்கிலி போய் டோட்டல் ஸ்டேஷன். ஒரே கிராமத்தின் பல நகர்களை அளந்தபோது, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அதனதன் இடத்தில் பொருத்திப் பார்த்தேன். சுற்றிலும் வெள்ளையாக விட்டுப் பழகிய தாளில் முதல்முறையாகப் பக்கத்து நிலம் தெரிந்தது. எங்கெங்கே ஒரு மனை அகலம் விட்டிருந்தால் இரண்டு நகர் சேர்ந்திருக்கும், எங்கே வெறும் ஒரு சுவர்தான் தடை என்று திரையில் பளிச்சென்று இருந்தது. அந்த ஊராட்சியின் தெருக்களை எழுதிவைத்த பதிவேட்டில் ஒவ்வொரு தெருவுக்கும் நீளமும் அகலமும் இருந்தது. எந்தத் தெரு எந்தத் தெருவைத் தொடுகிறது என்பதற்குக் கட்டமே இல்லை.

என் அக்கா மகன் நகரமைப்பு படித்தவன். அவன்தான் சொன்னான், இதையெல்லாம் உலகம் முழுக்க எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் மாமா என்று. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்று இரண்டு ஆய்வாளர்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை தெரு கூடுகிறது, எத்தனை முனை முட்டுகிறது, ஒரு இடத்திலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கணினியில் கணக்கெடுத்து, 2015இல் அமெரிக்காவைப் பற்றியும் 2020இல் உலகம் முழுவதையும் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். முட்டுச்சந்துக் கலாசாரத்தின் தாய்வீடான அமெரிக்காவிலேயே தொண்ணூறுகளின் நடுவில் அது உச்சத்துக்குப் போய், பிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். உலகத்தின் மற்ற பெரும்பாலான இடங்களில் புதிய தெருக்கள் முன்னைவிடக் குறைவாகவே சேருகின்றன. ஒரு தடவை போட்ட தெரு கட்டடங்களைவிட நீண்ட காலம் நிற்கும் என்றும் எழுதியிருக்கிறார்களாம். ஜார்ஜ் டவுனில் தம்புச்செட்டித் தெருவுக்குப் போய் நின்றாலே அது விளங்கும்.

அவர்கள் கணக்கில் வராத இரண்டு விஷயம் உண்டு, அதை அவனிடம் சொன்னேன். வரைபடத்தில் சேர்ந்திருக்கும் பல தெருக்கள் தரையில் சேருவதில்லை. உணவு கொண்டுவரும் பையன்கள் தினமும் போனில் சொல்வது இதுதான்: "மேப்பு வழி காட்டுது சார், இங்க வந்தா சுவரு நிக்குது." இன்னொன்று நேர்மாறு. வரைபடத்தில் சேராத இடத்தில் சுவரில் ஓர் ஓட்டை இருக்கும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதன் வழியாகக் குனிந்து போய்வருவார்கள். பைக் நுழையும் அளவுக்குப் பெரிதானதும் சங்கம் அடைக்கும். மாதம் திரும்புவதற்குள் வேறு இடத்தில் இரண்டு செங்கல் பெயர்ந்திருக்கும். கார் உள்ளவர்கள் அடைக்கிறார்கள், நடக்கிறவர்கள் திறக்கிறார்கள். நகரின் உண்மையான இணைப்பை அளக்க வேண்டுமானால் அந்த ஓட்டைகளையும் எண்ண வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. குஜராத்தில் நிலத்தை வாங்காமலே, எல்லோர் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, முதலில் தெருவைப் போட்டு, மிச்சத்தை அவரவருக்கு ஒழுங்கான மனையாகத் திருப்பிக் கொடுக்கும் முறை நூறு வருஷமாக நடக்கிறது. அகமதாபாத்தின் 76 கிலோமீட்டர் வட்டச்சாலைக்குப் பெரும்பாலும் அப்படித்தான் இடம் கிடைத்தது. நம்மிடமும் நிலம் திரட்டும் திட்டத்துக்கு விதிகள் வந்திருக்கின்றன. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரித்து 2022இல் அறிவித்தார்கள். சேர்க்கப்பட்ட ஊர்களில் இன்னும் வயல் இருக்கிறது. அங்கே நான் போகும்போதெல்லாம் பார்ப்பது: நோட்டீஸ் ஒட்டிய காரில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள், வாய்க்காலுக்குக் குறுக்கே நீளநீளமான வயல்களுக்கு விலை பேசுகிறார்கள்.

சிறிய அளவில் என்னால் முடிந்தது ஒன்றே ஒன்று. ஒரு காலகட்டத்தில் ஒரே கிராமத்தில் அடுத்தடுத்த நிலங்களின் புரமோட்டர்கள் இருவரும் என்னிடமே வந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் ஆகாது. இரண்டு வரைபடத்திலும் தெரு முனைகளை ஒரே கோட்டில் வைத்தேன். இரண்டு பேரிடமும், அலுவலகத்தில் இப்படிக் கேட்கிறார்கள் என்றேன். இரண்டு தெருவும் தானப்பத்திரமாகி ஊராட்சிக்குப் போனது. இன்று அதில் மினி பஸ் போகிறது. அதிலிருந்து எங்கள் அலுவலகத்தில் எந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்தாலும், எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரை உள்ள தெருக்களை அளந்து வரைந்துவிட்டுத்தான் உள்ளே முதல் கோடு போட வேண்டும். இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை, அதற்கு யாரும் காசு தருவதில்லை.

வேறொரு கிராமத்தில் வேறு மாதிரி. தொண்ணூறுகளில் ஒரு புரமோட்டர் தெரு முனையில் ஒரே ஒரு அடியைத் தெருவாகவும் காட்டாமல் மனையாகவும் காட்டாமல் நிறுத்திக்கொண்டார். தந்திரம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது: பின்னால் உள்ள நிலத்துக்காரர் நாளைக்கு மனை போட்டால் அந்த ஓரடியைத் தாண்டித்தான் தெருவுக்கு வர முடியும், அப்போது ஒரு தொகை கேட்கலாம். பின்நிலத்துக்காரரும் விடாப்பிடிக்காரர், சுற்றிக்கொண்டு வேறு பக்கம் வழி வைத்து மனை போட்டு விற்றுவிட்டார். இரண்டு நகரிலும் ஆட்கள் குடிவந்து, பிள்ளைகள் வளர்ந்து, இரண்டு சங்கமும் போன வருஷம் கைகோத்து என்னிடம் வந்தன. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் ரேஷன் கடை, நடுவில் சுவர். அந்த ஓரடியை வாங்கித் தெருவாக்கித் தர முடியுமா என்றார்கள்.

அளந்தேன். 24 அடி அகலம், ஓரடி ஆழம், 24 சதுர அடி. பட்டாவைப் பார்த்தால் புரமோட்டர் பெயரில் இல்லை. அவர் மனைகளை எல்லாம் பவர் பத்திரத்தின் பேரில்தான் விற்றிருக்கிறார். விற்காத துண்டு பழைய விவசாயியின் பெயரிலேயே கிடக்கிறது. விவசாயி இறந்து வெகுகாலம். அவரோடு பவரும் போய்விட்டது, ஆக புரமோட்டர் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. வாரிசுச் சான்றிதழ் எடுத்துப் பார்த்ததில் பதினொரு பேர். பத்துப் பேர் சம்மதித்துவிட்டார்கள். தாத்தா நிலம் தெருவாகப் போகிறது என்பதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட. பதினொன்றாவது ஆள் ஓசூரில் இருக்கிறார். சங்கத் தலைவர் அவரிடம் போனில் பேசும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். "ஐயா, அந்த ஏரியாவுல சதுர அடி என்ன ரேட்டு போவுது?" என்றார். சொன்னோம். "அப்போ ரோட்டுக்கு ஃபிரன்டேஜ் இருக்கிற இடத்துக்கு?" என்று கேட்டார். தலைவர் போனை என்னிடம் நீட்டிவிட்டார்.